ஜன்னல் இடுக்கு

அறைக்குள் நுழைந்ததுமே கர்ட்டன் தைப்பவருக்குப் பற்கள் தந்தியடித்தன.

“என்னம்மா, தெருவே தேவலாம் போலிருக்கே! இங்க எப்படித்தான் தூங்குறீங்க?”

“பழகிப்போச்சு தம்பி” என்றாள் வீட்டுக்கார அம்மாள்.

அவர் துணி மாதிரிகளைக் கட்டிலில் பரப்பினார். “மெல்லிசுத் துணியெல்லாம் வேலைக்காகாது. இந்த வெல்வெட்டுக்குக் கம்பளி லைனிங் கொடுத்து, தரையைத் தொடுற மாதிரி தைச்சிடறேன்.”

“மேல, கம்பிகிட்ட இடைவெளி விடுமே?”

“பலகை அடிச்சு மூடிடலாம். விவரமாத்தான் கேக்குறீங்க!”

வழக்கம்போல ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி ஜன்னல் இடுக்கில் பிடித்தார். குளிர்காற்று எங்கே நுழைகிறது என்று சுடர் காட்டிக்கொடுத்துவிடும். எல்லா வீட்டிலும் அது அறைப்பக்கம்தான் சாயும்.

இங்கே வெளிப்பக்கம் சாய்ந்தது. இடம் மாற்றிப் பிடித்தார். அப்போதும் வெளிப்பக்கம்தான்.

“என்னம்மா இது? குளிர் வெளியேருந்து வரல. உள்ளேருந்துதான் வெளியே போகுது!”

“தெரியும். அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டேன்.”

அவள் மூலையில் கிடந்த காலி நாற்காலியின் கைப்பிடியைத் தடவினாள்.

“எங்க வீட்டுக்காரர் இறந்து மூணு வருஷமாச்சு. முதல் வருஷம் இதுல கையே வைக்க முடியாது, பனிக்கட்டியாட்டம் இருக்கும். இப்ப வெறும் ஜில்லுன்னுதான் இருக்கு.”

மெழுகுவர்த்தி தைப்பவர் கையிலேயே உருகிக்கொண்டிருந்தது.

“சீக்கிரம் தைச்சுக் கொடுங்க தம்பி. அவர் கொஞ்சம் கொஞ்சமா வெளியே போயிட்டிருக்கார்.”