அக்கரை பல்பு

தங்கும் விடுதியின் தோட்டத்துக் குளத்துக்கு அக்கரையில் ரோஸ்லின் அக்காவின் ஓட்டு வீடு நின்றது. அவள் அதை விடுதிக்கு விற்க மறுத்துவிட்டாள். அந்தி வெளிச்சத்துக்காக நான் கேமராவை ஸ்டாண்டில் வைத்தால் போதும், வாசலில் குண்டு பல்பைப் போட்டுவிடுவாள். எந்தக் கோணத்தில் வைத்தாலும் அந்த மஞ்சள் படத்துக்குள் வந்தது.

"வீட்டைத் தூக்கிடு தம்பி. விளம்பரத்துல புல்லு மட்டும் தெரிஞ்சா போதும்" என்றார் விடுதி முதலாளி குணசீலன்.

ராத்திரி ஷிப்ட் வேலையை உதறிவிட்டுப் படமெடுக்க வந்த எனக்கு இதுதான் முதல் வேலை. தூக்கினேன். ஓடு, சுவர், பல்பு எல்லாவற்றின் மேலும் பக்கத்துப் புல்லை நகலெடுத்து ஒட்டினேன்.

மறுநாள் மாலை அவளே வந்து லேப்டாப்பைப் பார்த்தாள்.

"படத்துல இடிச்சுட்டீங்க. உங்க முதலாளியை நேர்ல வந்து இடிக்கச் சொல்லு, பாக்கலாம்."

"அவர் சொன்னதைத்தான் செஞ்சேன்க்கா."

"அதையும் உருப்படியா செய்யலியே" என்று திரையின் கீழ்ப்பகுதியைத் தொட்டாள்.

குளத்துத் தண்ணீரில் வீடு தலைகீழாக அப்படியே இருந்தது. வாசலில் பல்பு எரிந்தது. அழிக்க மறந்திருக்கிறேன்.

குணசீலன் போனில் வந்தார். "படம் எங்கப்பா? அச்சகத்துல காத்துட்டிருக்காங்க."

"ஒரு நிமிஷம் சார்."

படத்தில் குளத்தைச் சுத்தம் செய்ய அதற்கு மேல் ஆகாது. இருட்டத் தொடங்கியிருந்தது, அக்கா பல்பைப் போட வீட்டைப் பார்த்து நடந்தாள்.

தண்ணீருக்குள் இருந்த பல்பின் வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினேன். அனுப்பினேன்.