நிற்காத அட்டவணை

"என்ன வேலை பாத்து வச்சிருக்கிறீர், ஜொய்சி? அட்டவணை எங்க? வெறும் வரியெல்லோ ஓடுது!"

கஜதீபன் சார் குரலை உயர்த்தியதும் ஜொய்சி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். ஹட்டன் பஜாரில் மாடியில் இருக்கும் அந்தக் கணினி நிலையத்துக்கு அவர்தான் பொறுப்பாளர், யாழ்ப்பாணத்துக்காரர். அவள் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்துப் பெண். ஆறு மாதத் தற்காலிகப் பயிற்றுநர். பத்து மணிக்குக் கொழும்பிலிருந்து உதவி நிறுவனத்தார் வருகிறார்கள். அவர்கள் முன்னால் எல்லாம் ஒழுங்காக நடந்தால் அவள் வேலை நிரந்தரம். சொதப்பினால் மறுபடி தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுத வேண்டியதுதான்.

செய்து காட்ட வேண்டியதும் மலையைப் புரட்டும் காரியமில்லை. ரூபி ஷெல் என்ற கட்டளைத் திரையில் ஒரு வரி எழுதி என்டர் தட்டினால் எட்டுத் தோட்டத்துப் பிள்ளைகளின் தடுப்பூசி விவரம் திரையில் வர வேண்டும். வெறுமனே விட்டால் ஷெல் அதை அடைப்புக்குறியும் காற்புள்ளியுமாக ஒரே கொத்தாகக் கொட்டிவிடும். அதனால்தான் ஜொய்சி போன வாரம் இரண்டு துணைநிரல்களைச் சேர்த்திருந்தாள். ஒன்று கோடு போட்டு அட்டவணையாக்கும், இன்னொன்று வண்ணம் கொடுக்கும். நேற்று மாலை வரை கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வந்தது. இன்றைக்கோ அட்டவணை எட்டிப் பார்த்த வேகத்தில் மேலே ஓடிவிடுகிறது. கீழே வெற்று வரிகள் சரசரவென்று இறங்குகின்றன.

"உந்தக் கலர் பூசுறதாலதான் எல்லாம். கழட்டும்!"

கழற்றினாள். அட்டவணை நின்றது. சார் முகம் மலர்ந்தது. இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார்கள், ஓடிவிட்டது. சார் முகமும் பழையபடி ஆனது.

"அப்ப மற்றதையும் எடும்."

"அதையும் எடுத்தா அட்டவணையே வராதுங்க சார்."

"வராட்டிப் போகட்டும். ஓடாமல் நிண்டால் போதும்!"

எடுத்தாள். ஷெல் விவரங்களை மொட்டையாகக் கொட்டியது. அதற்குக் கீழேயும் வெற்று வரிகள்.

"சார், ரெண்டுமே இல்லாமலும் ஓடுதுங்களே. அப்போ துணைநிரல் மேல தப்பில்லைங்க."

"பிழை ஆரில எண்டு பிறகு பாப்பம். ஒம்பதரை ஆச்சு. வாகனம் வருதோ எண்டு பாத்திட்டு வாறன். அதுக்குள்ள சரி பண்ணும்."

அவர் படியிறங்கிப் போனார். ஜொய்சி திரையையே பார்த்தாள். ஒவ்வொரு வெற்று வரியின் தொடக்கத்திலும் ஓர் எண். பதினாறு, பதினேழு, பதினெட்டு. நாம் ஒரு வரி கொடுத்தால்தான் ஷெல் ஓர் எண்ணைக் கூட்டும். அப்படியானால் யாரோ விடாமல் என்டரைத் தட்டுவதாக அது நினைக்கிறது! அவள் கையோ மடியில் இருந்தது.

தலையிலிருந்த ஊசியை உருவி, கீபோர்டின் அந்தப் பெரிய என்டர் விசையை நெம்பினாள். அடியில் மஞ்சளாக, பிசுபிசுவென்று ஏதோ அப்பியிருந்தது. விசை அமுங்கினால் எழும்பாமல் அதில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. முகர்ந்து பார்த்தாள். சந்தனம். இன்னும் ஈரம்கூடக் காயவில்லை.

வந்த சந்தோஷம் அடுத்த நொடியே போய்விட்டது. காலையில் கதவு திறந்து கூட்டித் துடைப்பது வீரம்மாக்கா. போன மாதம் அவள் இந்த அறையில் ஒரு முருகன் படத்தை மாட்டியதற்கே சார் குதித்தார். 'இது விஞ்ஞானம் படிக்கிற இடம். இன்னொருக்கா சாமி, பூசை எண்டு கண்டால் வீட்டுக்குத்தான்!' என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அந்தச் சம்பளத்தில்தான் அக்கா தன் மகளைப் படிக்க வைக்கிறாள்.

ஜொய்சி கைக்குட்டையால் சந்தனத்தை வழித்தெடுத்தாள். விசையைப் பொருத்தி, இரண்டு துணைநிரல்களையும் திரும்பச் சேர்த்தாள். அட்டவணை வந்து கம்பீரமாக நின்றது.

"என்ன, சரியோ?" சார் மூச்சிரைக்க வந்து நின்றார். "எதில பிழை?"

"என்டர் பட்டன் ஒட்டிக்கிச்சுங்க சார். நான்தான் நேத்து தேத்தண்ணியச் சிந்திட்டேன். மன்னிச்சிருங்க."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். போச்சு, வேலை போச்சு என்று மனசு அடித்துக்கொண்டது. சார் அவள் விரலைப் பார்த்தார். நகக்கண்ணில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

"தேத்தண்ணியோ?"

"ஆமாங்க சார்."

"ம்... பரவாயில்லை. மனுசருக்கு நடக்கிறதுதானே" என்றவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொழும்பு ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், கைதட்டினார்கள். அவர்கள் போனதும் சார் நிரந்தர நியமனத்துக்கான சிபாரிசில் கையெழுத்திட்டு நீட்டினார். "இப்பிடி ஒரு பிள்ளை இந்த நிலையத்துக்கு வேணும்" என்று வேறு சொன்னார். ஜொய்சிக்கு அழுகையே வந்துவிட்டது.

கடிதத்தோடு சமையல் மூலைக்கு ஓடினாள். வீரம்மா கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எனக்கு வேலை நிச்சயமாயிருச்சு! ஆனா இனிமே கம்ப்யூட்டருக்குச் சந்தனம் கிந்தனம் வச்சிராதீங்க. இன்னைக்கு எப்படியோ சமாளிச்சிட்டேன்."

"நானா? நான் எங்க புள்ள வச்சேன்?" வீரம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "கதவிடுக்குல நானே பாத்தேன். விடியக்காலையில, ஒன் வேலை நல்லபடியா அமையணும்னு வேண்டிக்கிட்டு, கதவச் சாத்திக்கிட்டுச் சந்தனம் வச்சது சார்தான்; ஆரும் பாத்துறக் கூடாதுன்னு அவசரமாத் தொடச்சதும் அவருதான்!"