செவ்வாய்க்கிழமை நண்டு

"அக்கா, இப்படி ஒரு கடை இருக்கிறதே யாருக்கும் தெரியாது. நான்தான் கண்டுபிடிச்சேன்" என்றான் தம்பி, புதுக் கண்டத்தையே கண்டுபிடித்தவன் போல.

டயர் கடைக்குப் பின்னால் நான்கே மேசை போட்ட தாய்லாந்து கடலுணவுக் கடை. வாசலிலேயே என் கால் தயங்கியது.

கல்யாணமான மறுநாள் ஓட்டலில் என் கணவர் மீன் தட்டைத் தள்ளிவைத்தார். "எனக்கும் மீன் ஆகாது" என்றேன். அதன்பின் இருபத்தாறு வருடம் எங்கள் வீட்டுக்குள் மீன் நுழையவில்லை. அவர் போய் மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் மீனா?

"ஒரு வாய் சாப்பிடுக்கா. மாமா கோவிச்சுக்க மாட்டார்."

உள்ளே, சுவரில் வாடிக்கையாளர்களின் படங்கள். நடுவில், இரண்டு கையிலும் நண்டோடு சிரித்துக்கொண்டிருந்தார் என் கணவர்.

"சாரைத் தெரியுமா?" என்றாள் கடைக்காரம்மா. "ஊசிப்போன மீனுன்னு ஒரு நாள் தட்டைத் தள்ளினாராம். உடனே அவர் சம்சாரம் தனக்கு மீனே ஆகாதுன்னுட்டாங்களாம். பாவம், அவங்களுக்காக வீட்டுல விட்டுட்டார். செவ்வாய்க்கிழமைதோறும் அவங்க, தம்பி வீட்டுக்குப் போனதும் இவர் இங்க வந்துடுவார்."

"அடப்பாவி மாமா" என்று சிரிக்கத் தொடங்கிய தம்பி, என் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமைதோறும் அவன் வீட்டில் எனக்கு எத்தனை துண்டு மீன் வறுத்தார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.