அணிலின் குரல்

பதினோரு வருடங்கள் தொலைக்காட்சியில் சிண்டு என்ற கார்ட்டூன் அணிலுக்கு டப்பிங் பேசியவள் ஜெசிந்தா. பிறகு கம்பெனி அவளை நிறுத்திவிட்டது. இப்போது கணினியே அவள் குரலில் பேசுகிறது. போன மாதம் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் அவள் சிண்டுவாகக் கதை சொன்ன வீடியோ எங்கும் பரவியது. உடனே நோட்டீஸ் வந்தது.

கம்பெனி வக்கீல் தன் அறையில் ஒரு காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

"மேடம், அந்தக் குரல் எங்க சொத்து. இனிமே எங்கயும் அப்படிப் பேசமாட்டேன்னு கையெழுத்துப் போட்டுடுங்க. கேஸ் வேண்டாம்."

"எம் பொண்ணு மூணு வயசுல சாப்பிடவே மாட்டா சார். அவளுக்குச் சோறு ஊட்டப் பேசின குரல் இது. அப்ப உங்க அணில் பொறக்கவே இல்ல."

"அதுக்கு ஆதாரம் இருக்கா?"

ஜெசிந்தா காகிதத்தை அவர் பக்கமே தள்ளினாள். பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்தாள். தெருவரைக்கும் கேட்கும்படி அணிலின் குரலிலேயே சொன்னாள்.

"கேஸ் போடுங்க சார்! கூண்டுல நின்னாலும் நான் இப்படித்தான் பேசுவேன்."

அடுத்த அறையில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் கையை எடுத்துவிட்டு, நாற்காலியோடு இந்தப் பக்கம் திரும்பினாள்.