நாலாவது தட்டு

ராப் பாடும் மைனா ஒன்று, மரங்கொத்தி கொத்தும் சத்தத்திலிருந்து நான்கு தட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டது. ஒரு தகர மூடியில் காலால் அதையே திரும்பத் திரும்பத் தட்டி பீட் ஆக்கி, புயலில் தன் கூடு போன கதையைப் பாடியது. தோப்பே கூடிவிட்டது.

மரங்கொத்தி கோபமாக வந்தது. “அது என் தட்டு. என்னைக் கேட்டியா?”

“கேட்கலை. தப்புதான்” என்றது மைனா.

“நாள் முழுக்கக் கொத்துறேன். அந்த நாலு மட்டும் எதுக்கு?”

“நாலாவதுக்கு முன்னால கொஞ்சம் தயங்கினே. அந்த இடத்துலதான் என்னால அழ முடிஞ்சது.”

மரங்கொத்தி அலகைக் கிளையில் தேய்த்தது. “அப்போ எனக்கு அலகு வலிச்சது” என்றது மெதுவாக.

மறுநாள், “இது மரங்கொத்தியோட தட்டு” என்று சொல்லிவிட்டுத்தான் மைனா தொடங்கியது. கூட்டத்தின் ஓரத்தில், எதிரே மரம் இல்லாமலே மரங்கொத்தியின் தலை ஆடிக்கொண்டிருந்தது.