வரைபடத்துக்கு இரண்டு மதிப்பெண்

கேள்வியை அவள் மறுபடியும் படித்தாள்.

வல்லரசு ஒன்று தன் சிறிய அண்டை நாட்டின்மீது போர் தொடுத்ததற்கான புவிசார் அரசியல் நோக்கங்களை விளக்குக.

எதிர்பார்த்த கேள்விதான். பயிற்சி மையத்தில் பலமுறை எழுதிப் பார்த்தது.

பேனா தானாக ஓடியது.

பனி உறையாத துறைமுகம். எரிவாயுக் குழாய்கள் போகும் பாதை. எதிரணிப் படைகள் வாசல்வரை வந்துவிடாதபடி இடையில் ஒரு நிலம். கைவிட்டுப் போன பேரரசின் நினைப்பு.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி.

எதுவும் பொய்யில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்தச் சிறிய நாட்டில்தான் அவள் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரிமேல் குண்டு விழுந்தது. உடுத்திய துணியோடு ஊர் திரும்பினாள். படிப்பு அங்கேயே நின்றுவிட்டது. இந்த அரசுத் தேர்வும் கைநழுவினால் அடுத்து என்ன என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை.

அன்று கிளம்பும்போது ஹாலினாவையும் கூடவே வரச்சொல்லி அழைத்தாள். அங்கே அவள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி. குளிர்காலம் முழுக்க அவளுக்குச் சூப் வைத்துக் கொடுத்தவள்.

"உங்க ஊரு வெயில்ல நான் உருகிப் போயிருவேன். பூனைக்கு வேற யாரு சோறு வைப்பா? நீ கிளம்புடி."

பேருந்து நகர்ந்தபோதும் சிரித்துக்கொண்டுதான் நின்றாள்.

போன மழைக்காலத்தில் ஹாலினாவுக்கு அனுப்பிய செய்தியில் இன்னும் ஒற்றை டிக்.

விடையின் கீழே கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. பயிற்சி மையத்தின் திருமேனி சார் சொல்லிச் சொல்லிப் பதியவைத்தது அதற்காகத்தான்.

"மேப் போடுங்கம்மா, ரெண்டு மார்க் சேர்ந்து விழும். படை போற அம்பை மட்டும் நேராப் போடுங்க. வளைஞ்சுதுன்னா, போட வந்த மார்க்கு அப்படியே திரும்பிப் போயிரும்."

எல்லையை வரைந்தாள். கடலை வரைந்தாள். கரையில் துறைமுகம்.

எல்லையிலிருந்து துறைமுகத்துக்கு ஒரே கோடு. எத்தனையோ முறை போட்ட கோடு.

வழியில் ஓர் ஊர் உண்டு, அவள் படித்த ஊர். அதை யாரும் குறிப்பதில்லை. அங்கே துறைமுகம் இல்லை, குழாய் இல்லை. மதிப்பெண்ணும் இல்லை.

இன்று அங்கே ஒரு புள்ளி வைத்தாள்.

பெயர் எழுதவில்லை.

பிறகு அம்பைத் தொடங்கினாள். கோடு நேராகத்தான் வந்தது. புள்ளியை நெருங்கியதும் பேனா நின்றது.

மை மெல்லக் கசிந்து தடித்தது.

மணி அடித்தது.

"நேரமாச்சும்மா. பேனாவ வைங்க."

கண்காணிப்பாளர் முன் வரிசையிலிருந்து தாள்களை வாங்கிக்கொண்டு வந்தார்.

அவள் பேனாவைத் திருப்பினாள்.

கோடு வளைந்தது. படுத்துத் தூங்குகிறவர்களைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போகிறவனைப் போல, புள்ளியை விட்டு விலகி, மெதுவாக, நீண்ட தூரம் போனது.

துறைமுகத்துக்கு அப்படியும் போக முடிந்தது.