எதிர்ப்பக்க வரிசை

"அந்த மஞ்சத் தொப்பியைப் பாரு. காலைலயே அங்க நின்னவன். நடுவுல காணாமப் போனான், இப்ப மறுபடியும் கடைசில வந்து நிக்கிறான். ஆள் பிடிச்சு நிறுத்தியிருக்காங்க," என்றாள் மினேகோ.

மேசைக்கடியிலிருந்து தெஷிமா தலையை நீட்டினான். "நமக்கு இது தோணாமப் போச்சே. என் தம்பியோட கால்பந்து குழுவையே கூட்டிட்டு வந்திருப்பேன்."

கியோட்டோவில், சின்னக் குழுக்கள் உருவாக்கிய வீடியோ கேம்களுக்கான இரண்டு நாள் கண்காட்சி அது. இருபத்திரண்டாம் மேசையில் அவர்கள் இருவரும் செய்த 'நத்தைத் தபால்' ஒரே ஒரு திரையில் ஓடிக்கொண்டிருந்தது. நடைபாதைக்கு அந்தப் பக்கம், ஒரு பெரிய தூணைத் தாண்டி, குரோசே என்பவரின் மேசை. அதை ஒட்டிய சுவரோரமாகப் பதினைந்து பேர் நின்றார்கள். வரிசையின் முன்பகுதியைத் தூண் மறைத்தது. கடைசியில் நிற்பவர் பிடிக்க வேண்டிய பலகை மஞ்சள் தொப்பிக்காரரின் கையில் இருந்தது. எழுத்து வாசலைப் பார்த்திருந்ததால் மினேகோவுக்குத் தெரிந்தது அதன் முதுகு மட்டும்தான்.

அவர்கள் மேசை முன்னால் வரிசை என்று எதுவும் இல்லை. விளையாடியவர் எழுந்து போனதும் தூணைச் சுற்றிக்கொண்டு இன்னொருவர் வருவார். ஐந்து நிமிடம் விளையாடுவார். குனிந்து நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

"அங்க நின்னு கால் கடுத்தவங்க, உக்கார இடம் தேடி இங்க வர்றாங்க," என்றான் தெஷிமா.

மினேகோ சிரிக்கவில்லை. இந்த கேமுக்காகக் காப்பீட்டு நிறுவன வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. கண்காட்சிக்குப் போயே ஆக வேண்டும், விளையாடுகிறவர்களின் முகத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் அவள்தான். வீட்டிலிருந்தே ஒரு வீடியோ போட்டால் போதும் என்றவன் தெஷிமா. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். முதல் நாள் தங்கள் கேமுக்கு ஒரு வரிசை நிற்காவிட்டால் மறுநாள் வருவதில்லை, கேமையும் அத்தோடு மூடிவிடுவது. திங்கட்கிழமை அவள் பழைய மேலாளருக்கு ஃபோன் செய்வாள்.

இப்போது மணி மூன்று.

"காலைல பச்சை ஜாக்கெட் போட்ட ஊழியர் உன்கிட்ட வந்து ஏதோ சொன்னாரே, என்ன?"

"நான் ஒயரோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன். நடைபாதைல யாரும் நிக்கக் கூடாதுன்னு என்னவோ சொன்னார். சரி சரின்னு தலையாட்டி அனுப்பிட்டேன்."

"நம்ம முன்னாடி வந்து நிக்க யாரு இருக்கா?"

அப்போது குரோசே நடைபாதையைக் கடந்து வந்தார். கையில் இரண்டு பாட்டில் குளிர்ந்த பச்சைத் தேநீர். "காலைலேர்ந்து ஒரு நிமிஷம் ஓயல போலிருக்கே. முதல்ல இதைக் குடிங்க."

அவர் போகும்வரை மினேகோ புன்னகையைக் கலைக்கவில்லை. பிறகு பாட்டிலைத் தள்ளி வைத்தாள். "குத்திக் காட்டிட்டுப் போறார். பதினஞ்சு பேர் காத்து நிக்கிறப்ப, நமக்குத் தேநீர் வாங்கிட்டு வர அவருக்கு ஏது நேரம்? நிஜக் கூட்டமா இருந்தா மேசையை விட்டு நகர முடியுமா?"

"போய்ப் புகார் குடு."

"குடுக்கத்தான் போறேன். அந்த வரிசை போனாத்தான் வர்றவங்க கண்ணு நம்ம பக்கம் திரும்பும்."

பச்சை ஜாக்கெட்காரர் வாசலுக்கு எதிர்க்கோடியில் நின்றிருந்தார். பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட மினேகோவுக்கு நாக்கு எழவில்லை. "தொந்தரவுக்கு மன்னிக்கணும். சுவரோரமா நிக்குதே, அந்த வரிசை... கொஞ்சம் சங்கடமா இருக்கு. கலைச்சுட முடியுமா?"

அவர் அவளுடைய கழுத்து அட்டையில் இருந்த எண்ணைப் பார்த்தார். "இருபத்திரண்டு. நீங்களே கேக்கறீங்களா?"

ஒளிந்துகொண்டு புகார் சொல்கிறவளா நான்? "ஆமா, நானேதான்."

"கலைச்சா மறுபடி சேக்கறது கஷ்டம்ங்க."

"பரவால்ல."

ஊழியர் வரிசையின் முன் போய் ஆழமாகக் குனிந்து ஏதோ சொன்னார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு பெண் மட்டும் மினேகோ இருந்த பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"ஒருத்தராவது ஏன்னு கேட்டாங்களா பாத்தியா? கொண்டுவந்து நிறுத்தின ஆளுங்கதான்," என்றாள் மேசைக்குத் திரும்பியதும்.

விளையாடிக்கொண்டிருந்தவர் எழுந்து போனார். நாற்காலி காலியானது. தூணைச் சுற்றிக்கொண்டு யாரும் வரவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று. திரையில் நத்தை, தபால் பையுடன் அசையாமல் நின்றது.

"கால் கடுத்தவங்களும் போய்ட்டாங்க," என்று தெஷிமா ஒயரைச் சுருட்டத் தொடங்கினான். மினேகோ, தானே தைத்த நத்தைப் பொம்மையை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

நிமிர்ந்தபோது எதிரே மஞ்சள் தொப்பிக்காரர் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். பலகையை இரண்டு கைகளாலும் மார்போடு பிடித்திருந்தார்.

"காலைல பசி தாங்காம நடுவுல போய்ட்டேன். தப்பு என்னோடதுதான்," என்று குனிந்து, பலகையைத் திருப்பி மேசைமேல் வைத்தார்.

'இருபத்திரண்டாம் மேசை. வரிசை இங்கே முடிகிறது.'

"நாளைக்காவது எங்களை விளையாட விடுவீங்களா?"